மூவேழு இருபத்தொன்று

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பள்ளி விட்டு, பஜ்ஜி தின்ற எண்ணெய் விரலோடு
ஐந்தே காலுக்கு ஏறுவோம்.
கீழே டியூபில் காற்று ஏறும் சத்தம்.
மேலே ஏழு பேர், ஒரு ஃபேன்.
அதுவும் யோசித்து யோசித்துத்தான் சுற்றும்.

பள்ளியில் நாங்கள் நூற்றுக்கு நூறு.
இங்கே முதல் மாதம்
ஒரு கணக்குக்கு நான்கு நாள்;
நான்காம் நாளும் தப்பு.
ஹெப்சி மிஸ்ஸிடம் சிவப்புப் பேனா கிடையாது.
விடைக்கு அடியில் பென்சிலால் ஒரே சொல்:
ஏன்.
சரியாகப் போட்டாலும் அதே சொல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் இருந்தது:
ஏழு பேர் உள்ள அறையில்
ஒவ்வொருவரும் சரியாக மூன்று பேரோடு
கைகுலுக்க வேண்டும். முடியுமா?

பெஞ்சை ஒதுக்கிவிட்டுச் செய்தே பார்த்தோம்.
தருண்ராஜ் கையில் வியர்வை,
ஜோவிதா உள்ளங்கையில் காம்பஸ் குத்திய வடு,
லோகேஸ்வரி தொட்டவுடன் விட்டுவிடுவாள்,
சாமுவேலும் ஹேமாத்ரியும்
இரண்டு முறை குலுக்கிக் கணக்கைக் கெடுத்தார்கள்.
எப்படி மாற்றினாலும்
யாரோ ஒருவருக்கு இரண்டோடு நின்றது.
முதல் தடவை அது நான்.
நீட்டிய கையை என்ன செய்ய என்று தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டேன்.

"முடியல மிஸ்."
"முடியலையா, முடியாதா?"

இந்த ஊருக்கு இல்லைகள் புதிதா என்ன.
ஆறு உண்டு, தண்ணீர் இல்லை.
கோட்டை உண்டு, ராஜா இல்லை.
பஸ்ஸை விட்டு இறங்கும் விருந்தாளியே ஒப்பிப்பார்.
ஒருவரும் நிரூபித்துக் காட்டியதில்லை.
ஒரு கார்த்திகையில் பாலாறு
கரை கொள்ளாமல் போனதே,
அதோடு அந்தப் பட்டியலில் ஒரு வரி அடிபட்டது.
முடியாது என்று சொல்ல
எத்தனை தடவை தோற்றாலும் போதாது.

தஸ்னீம்தான் சொன்னாள், உட்கார்ந்தபடியே,
அவள் குலுக்கவே எழுந்திருக்கவில்லை:
"ஒரு குலுக்கலுக்கு ரெண்டு கை.
மூவேழு இருபத்தொண்ணு.
இருபத்தொண்ணை ரெண்டு ரெண்டாப் பிரி."
அவ்வளவுதான்.
கீழே ஒரு டயர் வெடித்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

ஆடி மாதம் கணக்குகள் கனத்தன.
ஏழரைக்கு விட்ட வகுப்பு எட்டே காலுக்கு நீண்டது.
ஏழு நாற்பது ஆற்காடு பஸ்ஸில்
விஷாரத்துக்கு ஏறியாக வேண்டும் தஸ்னீம்,
அது வீட்டோடு போட்ட ஒப்பந்தம்.
மூன்று வாரம், கணக்கின் நடுவில் எழுந்து போனாள்.
எங்கள் நிரூபணங்களின் முதல் பாதி மட்டும்
அவள் நோட்டில் இருந்தது.
நான்காம் வாரம் வரவில்லை.
யாரும் மோசமில்லை இதில்,
பஸ்ஸும் மோசமில்லை.

மூவாறு பதினெட்டு.
பாதி ஒன்பது.
இப்போது முடியும்.
ஆறு பேரும் அது தெரிந்தே உட்கார்ந்திருந்தோம்.
பெஞ்சை யாரும் ஒதுக்கவில்லை.
ஹேமாத்ரி மட்டும் ஒருமுறை என் பக்கம் கையை நீட்டி,
ரப்பரை எடுத்துக்கொண்டான்.

அன்று இரவு பத்துக்கு
அவள் அப்பா நம்பரிலிருந்து ஒரு போட்டோ.
ரூல் போட்ட தாளில் இரண்டு படம்.
ஒன்றில் இரண்டு முக்கோணம்,
மூலைக்கு மூலை ஒரு கோடு.
இன்னொன்றில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று,
எல்லாரும் எதிர்ப்பக்கத்து எல்லாரோடும்.
அடியில்: ஆறு பேருக்கு ரெண்டு விதம்.
மூணாவது இருக்கா?

மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்ட்.
புத்தகத்தின் பின்னட்டையில் ஆறு புள்ளி வைத்தேன்.
போட்டதெல்லாம் கொஞ்சம் திருப்பினால்
அவள் போட்டதாகவே வந்து நின்றது.
பதினொன்றே முக்காலுக்கு
"கிடைக்கல" என்று அனுப்பினேன்.

உடனே பதில்:
"கிடைக்கலையா, கிடையாதா?"